பட்டையோடு கடைந்த கிண்ணம்

கடைசல் யந்திரத்தில் மரப் பாத்திரம் செய்வோர் வழக்கமாக முதலிற் செய்யும் காரியம், அடிமரத் துண்டின் மேலுள்ள பட்டையையும் கோணல்மாணலையும் செதுக்கித் தள்ளிவிட்டு, வட்டத்துக்கு வட்டமாகவும் மட்டத்துக்கு மட்டமாகவும் ஓர் உருவத்தை அதிலிருந்து வெளிப்படுத்துவதே. சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வழக்கத்துக்கு நேர்மாறான ஒரு முறை செல்வாக்குப் பெற்றது. மரம் உயிரோடு நின்ற காலத்தில் எது அதன் வெளிப்புறமாக இருந்ததோ, அதனையே, பட்டையும் உடனிருக்க, கிண்ணத்தின் விளிம்பாக விட்டுவிடுவது அம்முறை. நியூயார்க் மாநிலத்து ஸ்கெனக்டடி நகரில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டே மரம் கடைந்த மெல் லிண்ட்குவிஸ்ட் (1911–2000), அவர் புதல்வர் மார்க், 1986-இல் தோன்றிய அமெரிக்க மரக் கடைசலாளர் சங்கத்தின் முதல் தலைவரான டேவிட் எல்ஸ்வொர்த் முதலியோர் இவ்வகையில் பெயர் பெற்றவர்கள். அவர்களுடைய கிண்ணங்களைக் கண்டு வியப்போர் பலர்; அவற்றின் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் என்னவென்று கேட்போர் சிலரே. அக்காரணங்களுள் பெரும்பான்மையானவை நீரைப் பற்றியவை என்பதும், கடைபவரின் திறமை என்பது மரத்திலுள்ள நீர் எப்போது, எவ்வழியே, எவ்வளவு வேகத்தில் வெளியேற வேண்டும் என்று நிர்ணயிக்கும் திறமையே என்பதும் என் கருத்து.

முதலில் வடிவத்தைப் பார்ப்போம். அதில் நீருக்கு வேலை இல்லை. விளிம்பு ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் செல்வதைப் பார்ப்போர், கைவினைஞர் தம் மனம்போன போக்கில் அவ்வாறு செதுக்கினார் என்றே எண்ணுவர். உண்மையில் அவ்வுயர்வு தாழ்வுகளில் அவருக்குள்ள சுதந்திரம் மிகக் குறைவு. உருண்டையான ஓர் அடிமரத்தை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பிளந்த முகம் கீழேயும் பட்டை மேலேயும் இருக்கும்படி வைத்து, மேலிருந்து நேர் கீழாக ஒரு வட்டத்தை அதில் வெட்டி எடுப்பதாகப் பாவித்துக்கொள்ளுங்கள். மரத்தின் நீளப்போக்கில் எதிரெதிராக அமையும் இரண்டு புள்ளிகளும் முகட்டின்மேல் இருப்பதால் உயர்ந்து நிற்கும். குறுக்குவாட்டில் எதிரெதிராக அமையும் இரண்டும் சரிவில் இருப்பதால் தாழ்ந்து நிற்கும். ஆகவே குதிரையின் முதுகிலிடும் சேணத்தின் வடிவம் தானாகவே வந்துவிடுகிறது. தாழ்வு எவ்வளவு என்பதைப் பைதாகரஸின் தேற்றம் படித்த பள்ளிப் பிள்ளையும் சொல்லிவிடலாம். 30 செ.மீ. விட்டமுள்ள மரத்திலிருந்து 24 செ.மீ. விட்டமுள்ள கிண்ணம் எடுத்தால், மரத்தின் ஆரம் 15, கிண்ணத்தின் ஆரம் 12; 15-இன் வர்க்கமாகிய 225-இலிருந்து 12-இன் வர்க்கமாகிய 144 போக மீதி 81; அதன் வர்க்கமூலம் 9; ஆகவே முகட்டுக்கும் சரிவுக்கும் உள்ள வித்தியாசம் 6 செ.மீ. அதே மரத்திலிருந்து 18 செ.மீ. கிண்ணம் எடுத்தாலோ வித்தியாசம் 3 செ.மீ. ஆகக் குறைந்துவிடும். கடைபவர் தேர்ந்துகொள்ளக் கூடியது, எந்த மரத்தில் எவ்வளவு பெரிய கிண்ணம் எடுப்பது என்னும் அந்த விகிதத்தை மட்டுமே. மற்றதை வட்டம் பார்த்துக்கொள்கிறது.

நிறத்தின் விஷயமும் இவ்வாறே. மரத்தின் உட்பகுதியாகிய வைரம் கறுத்தும், பட்டையை அடுத்த வெளிறு வெளுத்தும் இருக்கும் வால்நட் போன்ற மரங்களில், கறுத்த பட்டைக்குக் கீழே வெண்ணிறமான ஒரு பட்டி கிண்ணத்தைச் சுற்றி ஓடுவதைக் காணலாம். அப்பட்டி உயர்ந்த இடங்களில் குறுகியும் தாழ்ந்த இடங்களில் அகன்றும் இருக்கும். மேற்சொன்ன 30 செ.மீ. மரத்தில் வெளிறு 2 செ.மீ. கனம் உடையது என்றும், கிண்ணத்தின் சுவர் செங்குத்தானது என்றும் வைத்துக்கொண்டால், முகட்டில் 2 செ.மீ. ஆகத் தெரியும் பட்டி, சரிவில் சாய்வாக அறுபடுவதால் 4 செ.மீ. ஆகத் தெரியும். சித்திரக்காரர் ஒருவர் வேண்டுமென்றே தீட்டியது போன்று தோன்றும் இந்த விசேஷத்தை யாரும் தீட்டவில்லை.

இனி நீருக்கு வருவோம். வெட்டிய மரத்தில் நீர் இரண்டு நிலைகளில் தங்கியிருக்கிறது. மரத்தின் நுண்குழல்களுக்குள் வெறுமனே நிறைந்து நிற்பது ஒன்று. அக்குழல்களின் சுவர்களுக்குள்ளேயே, செல்லுலோஸ் முதலிய பொருள்களோடு பிணைந்து நிற்பது மற்றொன்று. மரத்தின் ஈரத்தைக் கணக்கிடும்போது, முற்றும் உலர்ந்த மரத்தின் எடைக்கு நீரின் எடை நூற்றுக்கு எத்தனை என்று பார்ப்பது வழக்கம். அக்கணக்கின்படி, வெட்டிய புதிதில் செர்ரி மரத்தின் வைரத்தில் ஏறக்குறைய 58 சதவீதமும், வால்நட்டின் வைரத்தில் ஏறக்குறைய 90 சதவீதமும் நீர் உண்டு. முதலில் வெளியேறுவது குழல்களிலுள்ள நீர். அது போவதால் மரம் இலேசாகிறதே யொழிய, அதன் உருவத்தில் மாற்றம் ஏதும் உண்டாவதில்லை. ஏறக்குறைய 30 சதவீதம் என்னும் எல்லைக்கு வந்த பிறகு சுவர்களிலுள்ள நீர் வெளியேறத் தொடங்குகிறது. அப்போதுதான் மரம் சுருங்குகிறது, கோணுகிறது, வெடிக்கிறது.

அச்சுருக்கம் எல்லாத் திசைகளிலும் சமமாக இருந்திருந்தால் மரவேலை சாஸ்திரத்தில் பாதிப் பக்கங்கள் தேவைப்பட்டிரா. விஸ்கான்சின் மாநிலத்து மாடிசன் நகரில் 1910-இல் நிறுவப்பட்ட வனப்பொருள் ஆராய்ச்சிச் சாலையாரின் அட்டவணைகளைப் பார்த்தால், செர்ரி மரம் பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் 3.7 சதவீதமும், ஆண்டு வளையங்களின் போக்கில் 7.1 சதவீதமும் சுருங்குகிறது என்று அறிகிறோம். மரச்சாமான் செய்வோர் தேக்கை ஏன் கொண்டாடுகிறார்கள் என்பதற்கும் அங்கே விடை உண்டு; அதன் எண்கள் 2.5, 5.8 மட்டுமே. நார்களின் நீளப்போக்கிலோ, எந்த மரமாயினும், சாதாரணமாகச் சுருக்கம் 0.1 அல்லது 0.2 சதவீதத்துக்கு மேற்படுவதில்லை. ஆரத் திசைக்கும் வளையப் போக்குக்கும் இவ்வளவு பேதம் இருப்பதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று, மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் கதிரிழைகள் ஆரத் திசைச் சுருக்கத்தைத் தடுத்துப் பிடிக்கின்றன என்பது.

இந்தப் பேதத்தின் விளைவை ஒரு கணக்கால் உணரலாம். 30 செ.மீ. விட்டமுள்ள முழு அடிமரம் ஒன்றின் சுற்றளவு 94 செ.மீ. ஆரம் 3.7 சதவீதம் குறைந்தால் சுற்றளவும் அதே விகிதத்தில்தான் குறைய இடமுண்டு. ஆனால் வளையங்களோ 7.1 சதவீதம் குறைந்தாக வேண்டும் என்கின்றன. எஞ்சிய 3.4 சதவீதம், அதாவது ஏறக்குறைய 3 செ.மீ., எங்கேயிருந்து வரும்? மரம் பிளந்து, அப்பிளவுகளின் அகலத்தால் அந்தக் கணக்கைச் சரிக்கட்டுகிறது. விறகுக் கட்டையின் முகத்தில் மையத்திலிருந்து பட்டை வரை ஓடும் வெடிப்புகள் இவையே. ஆதலின், கிண்ணத்துக்கு மரம் அறுப்போர், நடுவிலுள்ள நெட்டியை முழுதும் விலக்கிவிடும்படி அதற்குச் சற்றுத் தள்ளியே அறுக்கிறார்கள். வளையங்கள் ஒரு மையத்தைச் சுற்றி மூடிக்கொள்ளாமல் வில்லாக நிற்குமாயின், அவை வளைந்து கொடுக்க வழியுண்டு. மூடிக்கொண்டால் உடைவதைத் தவிர வழியில்லை. மேலும், நீர் நார்களின் நீளப்போக்கில், குறுக்கே செல்வதைவிட 10 முதல் 15 மடங்கு வேகமாக வெளியேறுவதால், அறுபட்ட முனைகள் முதலில் உலர்ந்து வெடிக்கும். அதைத் தடுக்க, மரம் வெட்டிய அன்றே அம்முனைகளில் மெழுகு பூசிவைப்பார்கள்.

மரத்தை நன்கு உலர்த்திவிட்டுப் பின்பு கடைந்தாலென்ன என்று கேட்கத் தோன்றும். பட்டையோடு கூடிய கனத்த துண்டு உள்ளுக்குள் உலர ஆண்டுகள் பல ஆகும். அதற்குள் வெடிக்காதிருப்பது அரிது. சாதாரணக் கிண்ணங்களுக்கு ஒரு நடுவழி கையாளப்படுகிறது: விட்டத்தில் பத்திலொரு பங்கு கனமுள்ள சுவரோடு பச்சை மரத்தில் முரட்டுத்தனமாகக் கடைந்து, சில மாதங்கள் நிழலில் உலரவிட்டு, அது கோணிய பின் மீண்டும் யந்திரத்தில் ஏற்றி வட்டமாக்குவார்கள். அட்லாண்டாவில் கட்டடச் சிற்பியாக இருந்த எட் மோல்த்ராப் என்பார் வேறொரு வழியைக் கையாண்டார். அவர் தம் பெரிய கலங்களைப் பாலிஎத்திலீன் கிளைக்கால் கலந்த நீரில் நெடுநாள் ஊறவைத்தார். அந்த ரசாயனம் குழற்சுவர்களில் நீர் இருந்த இடத்தில் தான் புகுந்து நின்று, சுவர் சுருங்காதபடி தாங்கிக்கொள்கிறது. 1628-இல் மூழ்கி 1961-இல் வெளியெடுக்கப்பட்ட ஸ்வீடன் நாட்டு வாஸா என்னும் போர்க்கப்பலை வெடிக்காமல் காத்ததும் இதே பொருள்தான். ஆயினும், பட்டை விளிம்புக் கிண்ணத்துக்கு உகந்தது மூன்றாவது வழியே என்பது பெரும்பாலோர் துணிபு: பச்சை மரத்திலேயே, ஒரே மூச்சில், சுவரை 6 மி.மீ. அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ மெலிதாகக் கடைந்து முடித்துவிட்டு, அதன்பின் அது விரும்பியபடி கோணட்டும் என்று விட்டுவிடுவது. மெல்லிய சுவரின் உட்புறமும் வெளிப்புறமும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் உலர்வதாலும், அது வளைந்து கொடுப்பதாலும், வெடிப்புக்கு இடம் குறைகிறது. கடைந்தபோது 24 செ.மீ. வட்டமாயிருந்த செர்ரிக் கிண்ணம், வீட்டுக் காற்றோடு சமநிலை அடைந்தபின், நார்களுக்குக் குறுக்கே ஏறக்குறைய ஒரு செ.மீ. ஒடுங்கி நீள்வட்டமாகி நிற்கும். விளிம்பே ஏற்றத்தாழ்வாக இருக்கும் பாத்திரத்தில் இந்தக் கோணலைக் குறையென்று யார் சொல்லப் போகிறார்கள்?

பச்சை மரத்தைக் கடைவது புதுமையன்று. இங்கிலாந்தில் பெர்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த பக்கில்பரி என்னும் ஊரில், வளையும் கழியொன்றும் கால்மிதியும் கொண்ட பழங்காலக் கடைசல் பொறியிலே எல்ம் மரத்துக் கிண்ணங்களை, ஒரே கட்டைக்குள் ஒன்றனுள் ஒன்றாக, கடைந்தெடுத்து வாழ்ந்த ஜார்ஜ் லெய்லி என்பார் 1958-இல்தான் காலமானார். கால் பலத்தால் மட்டும் சுழலும் பொறிக்கு ஈரமும் மென்மையும் உள்ள மரமே ஏற்றது. அவருடைய பொறியை ரெடிங் நகரத்து ஆங்கிலக் கிராம வாழ்க்கைக் காட்சிச்சாலையில் இன்றும் காணலாம்.

பட்டை நிலைத்து நிற்குமா என்பது வேறொரு கேள்வி; அதற்கு விடை பட்டறையில் இல்லை, மரம் வெட்டப்பட்ட பருவத்தில் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே, புதிய அணுக்களைப் பிறப்பிக்கும் ஒரு மெல்லிய படலம் உண்டு. குளிர் நாடுகளில் வசந்தத்திலும் கோடையிலும் அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். அப்போது பிறக்கும் அணுக்களின் சுவர்கள் மிக மெல்லியவை, நீர் நிறைந்தவை. சிறிது இழுத்தாலும் கிழிந்துவிடும். குளிர்காலத்தில் அப்படலம் உறங்குகிறது. பட்டையும் கட்டையை இறுகப் பற்றிக்கொள்கிறது. நம் ஊரில் இலந்தைக்கோ ரோஜாவுக்கோ மொட்டு ஒட்டுக் கட்டும் தோட்டக்காரர், பால் ஓடி மரப்பட்டை சுலபமாகக் கழன்று வரும் சமயத்தையே தேர்ந்தெடுக்கிறார் அல்லவா? கிண்ணம் கடைபவருக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரான சமயம். பருவம் தவறி வெட்டிய மரமானால், மெல்லிய சயனோஅக்ரிலேட் பசையை அந்தச் சந்தில் ஊறவிட்டுப் பட்டையை நிறுத்துவார்கள். ஈரத்தின் சேர்க்கையாலேயே இறுகும் பசையாகையால், பச்சை மரத்தில் அது நன்றாகப் பிடிக்கும். ஆனால் வெளிறின்மேல் வழிந்தால் போகாத கறையாகும் என்பதால், முன்னதாகவே அவ்விடத்தில் அரக்குக் கரைசலைப் பூசி மரத்தின் துளைகளை அடைத்துக்கொள்வது விவேகம்.

பிறகு யந்திரத்தில் ஏற்றும் வேலை. பட்டைமேல் யந்திரத்தின் முனையை ஊன்றினால் அது வழுக்கிவிடுமாதலால், அவ்விடத்தில் மட்டும் பட்டையைக் குடைந்து, திடமான கட்டையிலே முனையைப் பதிக்கிறார்கள். உயர்ந்த புள்ளிகள் இரண்டும் ஒரே உயரத்திலும் தாழ்ந்த புள்ளிகள் இரண்டும் ஒரே தாழ்விலும் வரும்வரை, மறுபுறம் துண்டைத் தாங்கும் எதிர்முனையை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்ப்பார்கள். கிண்ணத்தின் சௌந்தரியத்தில் பாதி இங்கே தீர்மானமாகிவிடுகிறது. அப்படிச் சரிசெய்யும்போது துண்டின் பாரமையம் அச்சைவிட்டு விலகுவதும் உண்டு. 5 கிலோ எடையுள்ள துண்டின் பாரமையம் 1 செ.மீ. விலகியிருக்க, அதை நிமிஷத்துக்கு 600 சுற்று சுழற்றினால், ஏறக்குறைய 20 கிலோ எடைக்கு ஈடான இழுப்பு நொடிக்குப் பத்து முறை திசை மாறி மாறி யந்திரத்தை உலுக்கும். வேகத்தை இரட்டித்தால் உலுக்கல் நான்கு மடங்காகி 80 கிலோவை எட்டும். மெதுவாகத் தொடங்கி, அதிர்வு அடங்க அடங்க வேகத்தைக் கூட்ட வேண்டும் என்னும் பழைய போதனைக்குக் கணித ஆதாரம் இதுதான்.

வெளிப்புறத்தை உருவாக்கி, அடியில் யந்திரத்தின் கவ்வி பற்றிக்கொள்ள ஒரு குமிழையும் விட்டு, துண்டைத் திருப்பி மாட்டி உட்புறத்தைக் குடையும் கட்டமே இவ்வேலையில் மிகவும் கடினமானது. மட்டமான விளிம்பானால் வாய் குழிந்த உளிக்கு எப்போதும் எதிரே மரம் இருக்கும். இங்கேயோ, விளிம்பின் அருகில் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை மரம் வருகிறது, இரண்டு முறை வெறுங்காற்று வருகிறது. நிமிஷத்துக்கு 800 சுற்று என்றால் நொடிக்கு 26 தடவைக்கு மேல் உளியின்மேல் அடி விழுகிறது. காற்று வரும் கணத்தில் கை தன்னையறியாமல் உளியை முன்னே தள்ளுமாயின், அடுத்து வரும் மரம் அதை ஆழமாகப் பிடித்துக்கொள்ளும். பட்டை பறக்கும், சுவரும் பறக்கலாம். எனவே உளியை மரத்தின்மேல் அழுத்தாமல், உளி தாங்கியின்மேல் அழுத்தி, மரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பாதையில், ஒரே மந்தகதியில் செலுத்துவதே சூட்சுமம். பட்டைப் பக்கத்திலிருந்து கட்டையை நோக்கிச் சீவினால், சீவும் வேகம் பட்டையைக் கட்டையோடு சேர்த்து அமுக்கும். உள்ளிருந்து வெளியே சீவினால் அது பட்டையைப் பிய்த்தெறியும். சுவரை ஒரேயடியாக மெலிதாக்குவதும் கூடாது. விளிம்பை அடுத்த சில செ.மீ. ஆழத்தை முதலில் இறுதிக் கனத்துக்குக் கொண்டுவந்து முடித்துவிட்டு, அடியிலுள்ள கனத்த மரம் அதைத் தாங்கி நிற்கும்போதே அடுத்த கட்டத்துக்கு இறங்க வேண்டும்; கடைந்து முடித்த விளிம்பு அரைமணி நேரத்திலேயே உலர்ந்து கோணத் தொடங்கிவிடுமாதலால், மறுபடி அங்கே திரும்பிச் சென்று உளி வைப்பவர் வருந்துவது நிச்சயம். சுவரின் கனத்தை அறிய, வெளிப்புறத்தில் ஒரு மின்விளக்கை வைத்துப் பார்ப்போரும் உண்டு: ஈரமான மெல்லிய மரத்தினூடே செந்நிற ஒளி கசியும், அவ்வொளி எங்கும் ஒரே மாதிரியாக இருந்தால் கனமும் ஒரே மாதிரியாக இருக்கிறதென்று பொருள். சுழலும்போது விளிம்பின் உயர்ந்த பகுதிகள் கண்ணுக்குப் புகை போல் மங்கித் தெரியும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் செல்லும் அந்தப் புகைக்குள் விரலை நுழைத்து நலமாக வெளியே எடுத்தவர் இல்லை.

உலர்வது ஓரிரு வாரங்களில் முடிந்துவிடும். மெல்லிய சுவரின் அநுகூலம் அது. உப்புத்தாள் தேய்ப்பதற்கு அதுவரை பொறுத்திருப்பதே முறை. ஈர மரத்தில் தாள் அடைத்துக்கொள்ளும். அவசரப்பட்டு வேகமாகத் தேய்த்தாலோ, உராய்வின் உஷ்ணத்தால் மேற்பரப்பு மட்டும் உலர்ந்து, மயிரிழை போன்ற வெடிப்புகள் காணும். கோணிய கிண்ணத்தைச் சுழலவிட்டுத் தேய்த்தால் உயர்ந்த இடங்களே தேயும். யந்திரத்தை நிறுத்திவிட்டுக் கையாலோ சிறு சுழல்தட்டாலோ தேய்ப்பது உத்தமம். அடியிலுள்ள குமிழை நீக்க, கிண்ணத்தைக் கவிழ்த்து, உள்ளடியில் மெத்தை வைத்த ஒரு கட்டையை முட்டுக்கொடுத்து எதிர்முனையால் அழுத்திப் பிடிக்கிறார்கள். சமமான விளிம்பு இல்லாத பாத்திரத்தைப் பிடிக்க இது ஏற்ற வழி.

மெருகு ஏற்றுவதில் நம் நாட்டார் நிபுணர்களே. சன்னபட்டணத்திலும் ஏட்டிகொப்பாக்காவிலும் நம் அம்பாசமுத்திரத்திலும் செப்புச் சாமான் கடைவோர், சுழலும் மரத்தின்மேல் வண்ண அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் உஷ்ணத்தாலேயே அதை உருக்கிப் படியவைக்கிறார்கள்; அதைவிடச் சிக்கனமான மெருகை நான் அறியேன். ஆனால் அதற்கு இடைவிடாத உராய்வு வேண்டும்; மரமும் காற்றுமாக மாறி மாறி வரும் விளிம்பில் அந்த வித்தை பலிக்காது. மேனாட்டுக் கடைசலாளர் ஆளி விதை எண்ணெயையோ, டங் எண்ணெயையோ துணியால் தேய்த்துப் பூசி, பட்டையின் மடிப்புகளில் மட்டும் தூரிகையால் தடவுகிறார்கள். சமையல் எண்ணெய்கள் பல நாள் கழித்தும் பிசுபிசுத்து நிற்க, இவை இறுகிவிடுவதன் காரணம், அவை ஆவியாகிப் போவதன்று. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, தம் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து வலையாவதே. அந்தப் பிணைப்பின்போது உஷ்ணம் வெளிப்படுகிறது. கிண்ணத்தின்மேல் படர்ந்திருக்கும் மெல்லிய பூச்சில் அது காற்றோடு கலந்துவிடும். சுருட்டி எறிந்த துணிக்குள்ளோ வெளியேற வழியின்றிச் சேர்ந்து, ஒருவரும் நெருப்பு வைக்காமலே தீப்பற்றச் செய்யும். பட்டறைகள் சில இவ்விதமாகவே எரிந்திருக்கின்றன. ஆகையால் இவ்வேலையில் இறங்க விரும்பும் அன்பர்கள், கிண்ணத்தை மெருகிட்டு வைத்தவுடன், எண்ணெய் தோய்ந்த துணியை வெளியே எடுத்துச் சென்று தனித்தனியாக விரித்துக் காயப்போட்டுவிட்டு, அதன் பிறகே பட்டறைக் கதவைப் பூட்டுங்கள்.